மறுபடியும் ஒரு ஈசிஜி

“போன வாரம் எடுத்த ஈசிஜி நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார், மனச்சோர்வுக்கான கரண்ட் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டர் ஷிரீன்.

“அது போன வாரம் லா!” பிரேமலா விடுவதாக இல்லை. “மனசுக்குக் கொடுத்த மாத்திரையோட, ஸ்கூடாய் கிளினிக்ல இருமலுக்குக் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கும் மூணு நாளா சாப்பிட்டாச்சு. ரெண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகும்னு நர்ஸ் சொன்னாங்க. அதுக்கு மேல தலையில கரண்ட் வேறயா? மறுபடி எடுங்க!”

பக்கத்தில் கணவன் வசந்தன் வாயே திறக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

எடுத்துப் பார்த்ததும் ஷிரீனின் முகம் மாறியது. “நல்லவேளை சொன்னீங்க. துடிப்புல கோளாறு தெரியுது. ஆண்டிபயாட்டிக்கை நிறுத்துவோம். துடிப்பு சரியான பிறகு ஆறாவது கரண்ட் வச்சுக்கலாம்.”

வசந்தன் விசும்பினான்.

“தள்ளித்தானே வச்சிருக்கோம் சார், ஏன் அழுவுறீங்க?”

“சந்தோஷம் டாக்டர். நாலு மாசமா பேச்சில்லாம, சாப்பாடில்லாம கிடந்தவ. போன வாரம்தான் வாயைத் திறந்தா. இன்னிக்கு உங்களையே அதட்டுறா!”

பிரேமலா தன் மார்பில் ஒட்டியிருந்த ஈசிஜி வயர்களைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “அழுதது போதும். இன்னிக்குத்தான் கரண்ட் இல்லையே, போய் ரொட்டி சானாய் வாங்கிட்டு வாங்க. எனக்குப் பசிக்குது!”