மறுதரப்பு

போனில் எண்களை அழுத்தும் முன் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

இதழியல் துறையின் வராந்தா. உள்ளே கணினியில் பயிற்சி இதழின் முதல் பக்கம் திறந்தபடி கிடந்தது. மாணவர்களே எழுதி மாணவர்களே அச்சுக்குக் கொடுக்கும் மாத இதழ். முதல் பக்கச் செய்தி அவளுடையது. முதுகலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

கம்மாக்கரைத் தெருவில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது. தெருக்காரர்கள் நகராட்சிக்கு நடையாய் நடந்து சொல்லியிருக்கிறார்கள். சொன்னதெல்லாம் ஒரே ஆளிடம்.

சுகாதார ஆய்வாளர் பேச்சிமுத்து.

அவளுடைய அப்பா.

அந்தத் தெருப் பெண்களுக்கு அது தெரியாது. "நல்ல மனுசன்தாம்மா. பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லி அனுப்பிட்டாரு" என்றார்கள். அவளும் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அந்தப் பெயர் வந்த இடத்தில் மட்டும் பேனா மக்கர் செய்தது. பேனாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

செய்தியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார் பேராசிரியை கிறிஸ்டி. மாட்டேன் என்றாள்.

"அப்படின்னா அவர் உன் அப்பாங்கிறதும் செய்தியில வரணும். அவர்கிட்ட விளக்கமும் கேக்கணும். வீட்டுல வச்சு இல்ல. ஆபீஸ் நம்பர்ல."

குற்றம் சாட்டப்படுகிறவரின் பதில் இல்லாமல் அந்த இதழில் எதுவும் அச்சேறாது. துறையில் அது சட்டம்.

வீட்டில் என்றால் சுலபம். சோற்றைப் பிசைந்தபடியே அப்பா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவளும் சரி என்று எழுந்து போயிருப்பாள்.

மறுமுனையில் மணி அடித்தது.

"நகராட்சி. சுகாதாரப் பிரிவு."

அப்பாவின் ஆபீஸ் குரலை அவள் கேட்டதே இல்லை. கொஞ்சம் கட்டையாக இருந்தது.

"வணக்கம் சார். பல்கலைக்கழக இதழியல் துறையில இருந்து பேசுறேன். எங்க பயிற்சி இதழுக்கு ஒரு விளக்கம் வேணும்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

மகளின் குரல் அடையாளம் தெரியாத தகப்பன் உண்டா? 'என்ன பிள்ள, விளையாட்டா' என்று கேட்பார் என நினைத்தாள். கேட்டிருந்தால் அழுதிருப்பாள். போனையும் வைத்திருப்பாள்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். தெரு, குழாய், குழந்தைகள், அவர் சொல்லி அனுப்பிய 'பார்க்கலாம்'. ஒன்றையும் விடவில்லை.

இந்த இடத்தில் அதிகாரிகள் என்ன சொல்வார்கள் என்று வகுப்பில் நடத்தியிருந்தார்கள். கமிஷனரைக் கேளுங்கள். மீட்டிங்கில் இருக்கிறேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை.

இதில் எதையாவது அப்பா சொல்லிவிட வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லிவிட்டால் வேலைக்கு ஆபத்தில்லை.

சொல்லிவிடக் கூடாதே என்றும் அடித்துக்கொண்டது.

"வந்து சொன்னாங்க" என்றார் அவர். "நான் போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னோடதுதான்."

அவளுக்குக் கை ஓடவில்லை.

"எழுதிட்டீங்களா?"

"எழுதுறேன் சார்."

மறுபடியும் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை.

"இதை உங்க பேர் போட்டு வெளியிட்டா, சார், உங்க வேலைக்கு..."



"போடுங்க. நாளைக்குக் காலைல அந்தத் தெருவுக்கு ஆளோட போறேன். அதையும் சேத்துப் போடுங்க." கொஞ்சம் யோசித்தார். "இல்ல, வேண்டாம். போய்ட்டு வந்த பெறகு போடுங்க."

இந்த மனிதருக்குத்தான் நான் பிறந்தேன் என்று வராந்தாவில் போகிற யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒருவரும் வரவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார் அப்பா. "எழுதினவங்க பேர் வருமா?"

"வரும் சார். நீங்க எனக்கு என்ன வேணும்கிறதும் கீழ வரும்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"பேரை இனிஷியலோட போடுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டார்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே ஏற்றினாள். உறவைச் சொல்லும் வரியை அடியில் சேர்த்தாள்.

பயிற்சி இதழில் மாணவர்களின் பெயருக்கு இனிஷியல் போடும் வழக்கம் கிடையாது. அதில் கிறிஸ்டி மேடம் ரொம்பக் கறார். இப்போதும் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைப்புக்குக் கீழே அவள் அடித்தாள்.

பே. சண்முகவடிவு.