முன்னங்காலருகே கன்று

பிரான்சில் எங்கள் ஓவேர்ன் மலையில், கன்றை முன்னங்காலருகே கட்டாவிட்டால் எந்தப் பசுவும் பால் விடாது. அது தெரிந்தும் என் கணவர் ஜெர்வே, சிவப்புப் பசுவின் கன்றைக் கசாப்புக்காரனுக்கு விற்றார். விற்ற அன்று காலை அதை ஊட்டவும் விடவில்லை.

"கடைசியா ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டுமேய்யா," என்றேன்.

"சாகப்போறதுக்கு எதுக்குடி பாலு?" என்றார்.

மூன்று நாள் பசு ஒரு சொட்டு விடவில்லை. பாலில்லாவிட்டால் குளிர்காலத்துக்குப் பாலாடைக்கட்டி இல்லை.

கோடையில் பாரிஸ் ஓவியர் ஒருவர் அந்தப் பசுவையும் கன்றையும் வரைந்து, வண்ணம் காயட்டும் என்று எங்கள் தொழுவத்தில் விட்டுப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அந்தப் படத்தைப் பசுவின் முன்னங்காலருகே சாய்த்து வைத்தேன். பசு படத்தை நக்கியது. பால் இறங்கியது.

"மாட்டையே ஏமாத்திட்டியே, பலே கைகாரிடி!" என்று சிரித்தார் ஜெர்வே.

ஆனால் ஒரு காம்பு மட்டும் தினமும் காலியாகவே இருந்தது. பத்தாம் நாள் அவரே கறக்க உட்கார்ந்தார். முடித்துப் படத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றார். படத்துக் கன்றின் வாயோரம் நுரை இருந்தது. விரலால் தொட்டார்.

"சூடா இருக்கு, லெயோனி," என்றார்.

படத்தை மறுபடி சாய்த்து வைத்தார். அன்று முதல் கன்றுக்குப் பாதி, எங்களுக்கு அரை வாளிதான். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.