ஜாடியில் இருந்த சுத்தமான மண்

"எடையில சந்தேகம் வந்தா மூட்டையைத் திட்டாதே. முதல்ல..."

முதலில் என்ன செய்யணும் என்பார், மளிகைக் கடை வைத்திருந்த பெரியப்பா? மண் பரிசோதனை ஆபீஸின் லேப் சாருக்கு மீதி மறந்துவிட்டது.

எதிரே கீரைக்காரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெயிண்ட் ஃபேக்டரிக் கழிவு தன் தோட்டத்தில் இறங்குகிறது என்று மூன்றாவது தடவையாக மண் கொண்டுவந்திருக்கிறார். மூன்று தடவையும் ஒரே முடிவு: சுத்தமான மண்ணுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

நஷ்டஈடு பிடுங்கப் பார்க்கிறார் என்று ஆபீஸே சிரித்தது.

"நஷ்டஈடெல்லாம் வேணாம் சார். என் கீரையைத்தான் தெருவே தின்னுது. கெட்டதுன்னா நாளைக்கே நிறுத்திடறேன். ஆனா ஃபேக்டரிக்காரங்க உங்களைக் கவனிச்சுட்டாங்கன்னு வெளியில பேசிக்கிறாங்க."

லேப் சாருக்குச் சுருக்கென்றது. அந்த ஃபேக்டரியில் அவர் ஒரு வாய் டீ குடித்ததில்லை.

"அவங்ககிட்ட ஒரு துரும்புகூட நான் வாங்கினதில்லம்மா."

"சரி. வித்தியாசமில்ல, வித்தியாசமில்லங்கிறீங்களே... எதோட?"

லேப் சார் அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டினார். எந்த மண் வந்தாலும் அதோடு ஒப்பிடுவதுதான் இங்கே வழக்கம்.

"அது எங்க எடுத்த மண்ணு?"

"என் வீட்டுக் கொல்லையிலதான். பதினோரு வருஷமா அதான் அளவு."

"அதைச் சோதிச்சது யாரு?"

சிரிக்க வாயைத் திறந்தவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எடைக்கல்லை நிறுத்துப் பாரு. பெரியப்பா சொன்ன மீதி அதுதான்.

தலைமை அலுவலகம் எப்போதோ அனுப்பி, பிரிக்காமலே கிடந்த சுத்த மணல் பாக்கெட்டைத் தேடிப் பிரித்தார். ஜாடி மண்ணை அதோடு ஒப்பிட்டார். நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தார். ஈயம் முப்பது மடங்கு. கீரைக்காரம்மாவின் மண்ணிலும் அதே முப்பது.

மனைவிக்குப் போன் போட்டு, கொல்லை மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"என்ன திடீர்னு? வீடு கட்டறப்போ பள்ளத்தை நிரப்ப மேஸ்திரி ரெண்டு லாரி கொட்டினாரே, அதுதான். பெயிண்ட் ஃபேக்டரிக்காரங்க சும்மா குடுத்தாங்களாம். சொன்னா வேண்டாம்பீங்கன்னு நான்தான் உங்ககிட்ட சொல்லல."

லேப் சார் போனை வைத்தார். பதினோரு வருஷத்து அறிக்கைகள் அத்தனையும் தவறு என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டுக் கையெழுத்திட்டார்.