பிடிக்க நிற்பவள்

ஞானக்கனி அக்கா விழவில்லை.

அக்காவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, பிடிப்பதற்காக அவள் காத்திருந்தாள். தோளில் துண்டு தயாராக இருந்தது.

இந்தச் சபையில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் ஊழியம். ஜெப வரிசையில் விழுகிற பெண்களின் தலை தரையில் மோதாமல் பிடிக்க வேண்டும். மெல்லப் படுக்க வைக்க வேண்டும். புடவையைச் சரிசெய்து, காலைத் துண்டால் மூட வேண்டும்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஊழியக்காரர் மறுபடியும் ஞானக்கனி அக்காவின் நெற்றியில் கை வைத்தார்.

"தொடும் ஆண்டவரே!"

தலை மட்டும் பின்னுக்குப் போய் வந்தது.

மேடையில் புகை விட்டார்கள். இப்போதெல்லாம் மகிமையின் மேகம் இறங்க மறந்தாலும் புகை இறங்க மறப்பதில்லை. கீபோர்டு ஒரு கட்டை ஏறியது. கேமரா தாழ்ந்து வந்தது. நேரலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பெரிய திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சபையைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. குடித்துக் கிடந்த புருஷனை மனுஷனாக்கித் தந்தது இந்தக் கூட்டம்தான். அவள் பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்றதும் நான்கு பேர் சைக்கிளில் ஓடிவந்தார்களே, அதுவும் இதே சனம்தான். அன்றைக்குப் புகை ஏது, கேமரா ஏது? ஒரு டோலக்கும் கைத்தட்டலும்தான்.

அவளுக்கு உறுத்துவதெல்லாம் தன் இரண்டு விரல்கள்.

யாராவது விழாமல் நின்றால், முதுகுப் பக்கம் புடவையை இரண்டு விரலால் லேசாக இழுத்தால் போதும். கண்ணை மூடி நிற்பவர்கள் சாய்ந்துவிடுவார்கள். ஊழியத்துக்கு வந்த முதல் வாரமே மூத்த சகோதரி ஒருத்தி இதைச் சொல்லிக் கொடுத்தாள்.

"நாம லேசா உதவி செய்யணும். மிச்சத்த ஆவியானவரு பாத்துக்கிடுவாரு."

எல்லோரையும் அவள் இழுத்ததில்லை. நிஜமாகவே விழுந்தவர்கள் உண்டு. அவர்களைத் தாங்கும்போது அவளும் தன்னையறியாமல் துதித்திருக்கிறாள். அதை அவள் யாருக்காகவும் மறுக்க மாட்டாள்.

ஆனால் போன வருடம் அவள் இழுத்து விழவைத்த ஒருத்தி, சுகமாகிவிட்டது என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். கால் விரலை எடுக்கும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அன்றைக்கு என்னைப் பிடித்தது நீதானே என்றாள்.

அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. இடது மார்பில் ஒரு கட்டி. இரண்டு மாதமாகிறது. கையை நீட்டினால் வலிக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு ஸ்கேன். சீட்டு வேதாகமத்துக்குள் இருக்கிறது.

ஆனாலும் இந்த வரிசைக்கு அவள் வந்ததில்லை. பின்னால் இருக்கிற விரலை அறிந்தவள் முன்னால் போய் எப்படி நிற்பாள்?

மூன்றாவது தடவை. இப்போது ஊழியக்காரரின் கை அக்காவின் நெற்றியைத் தள்ளியது.

மேடையோரத்திலிருந்து பாஸ்டரம்மா அவளைப் பார்த்தார். இழு என்று கண்ணாலேயே சொன்னார்.

அவளுடைய இரண்டு விரல்களும் புடவையைப் பிடித்தன.

அப்போதுதான் கீழே பார்த்தாள். ஞானக்கனி அக்காவின் குதிகால்கள். இருபது வருடம் உப்பளப் பாத்தியில் நின்ற கால்கள். வெடித்து, கறுத்து, தரையை விடாமல் இருந்தன. உப்பின் மேல் அடித்த வெயிலில் வலது கண் போயாயிற்று. இடதும் மங்கி வருகிறது. அதுவும் போனால் வேலை போகும். அந்தக் கண்ணைக் கேட்கத்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

ஞானக்கனி அக்கா கண்ணைத் திறந்து ஊழியக்காரரைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"எனக்கு விழத் தெரியாதுய்யா. நின்னுட்டே கேக்கேன்."

அவர் கையிலிருந்த மைக் அதை அப்படியே சபை முழுக்கக் கொண்டுபோனது.

கீபோர்டு நின்றது.

எங்கோ ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது.

என்ன தைரியம் இந்த மனுஷிக்கு! இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விசுவாசத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

விரல்கள் புடவையை விட்டன.

ஊழியக்காரர் நெற்றியிலிருந்த கையை எடுத்தார். அவரும் மனுஷர்தானே. மைக்கை அணைத்தார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஜெபித்தார். நேரலையில் பார்த்தவர்களுக்குக் கேட்டிருக்காது. பின்னால் நின்ற அவளுக்குக் கேட்டது.

"இந்த அம்மாவுக்குக் கண்ணு வேணும், ஆண்டவரே."

ஞானக்கனி அக்கா ஆமென் சொன்னாள். தன் காலால் நடந்து தன் இடத்துக்குப் போனாள். போகிற வழியில் ஒரு நாற்காலியில் முட்டிக்கொண்டு, அதில் உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வரிசையில் அடுத்த பெண் முன்னால் வந்தாள்.

அவள் பிடிக்கப் போகவில்லை. தோளிலிருந்த துண்டை மடித்துப் பக்கத்தில் நின்ற சகோதரியிடம் கொடுத்தாள். வேதாகமத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வரிசையின் கடைசிக்குப் போனாள்.

அவள் முறை வந்தது.

அந்தச் சகோதரி துண்டோடு பின்னால் வந்து கைகளை நீட்டினாள்.

அவள் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிறகு காலை நன்றாக ஊன்றிக்கொண்டாள்.