ஜீப்பின் இருமல்

மலைப்பாதையில் ஓடி ஓடி ஜீப்பின் கார்புரேட்டர் தேய்ந்துபோனது. மாற்றுவதற்கு மெக்கானிக் இரண்டை எடுத்து வைத்தார்.

"என்னை மாட்டிக்கோ, சாவியைத் திருப்பினதும் பறக்கலாம்," என்றது புதுசு.

"நான் வேற வண்டியில இருந்தவன். காலையில கொஞ்சம் இருமுவேன்," என்றது பழசு.

ஜீப் யோசித்தது. அந்தக் காலத்துப் பனிக் காலைகளில் அது இருமினால் போதும், டிரைவர் மரியசூசை பானெட்டைத் தடவி, "கிளம்புடி என் தங்கம்" என்பார். கிளம்பிவிட்டால் அப்புறம் அவர் ஜீப்போடு பேசுவதே கிடையாது.

புதுசை மாட்டினார்கள். ஜீப் அசையவே இல்லை. பழசை மாட்டினார்கள். லொக்கு லொக்கென்று இருமியது.

மரியசூசை ஓடிவந்து பானெட்டில் கை வைத்தார். "கிளம்புடி என் தங்கம்!"

ஜீப் மறுபடியும் இருமியது.

"இது என் இருமல் இல்லையே!" என்றது கார்புரேட்டர்.

"தெரியும், சும்மா இரு," என்றது ஜீப்.