காற்றுக்கு மறைப்பாக நின்ற அடுப்பு

போன வருடம் தவக்காலத்தில், ஜெபக்கூட்டம் முடிந்து வரும் வழியில் என் நாத்தனார் மேபல் சொன்ன கதை இது.

மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போன ஒரு குடும்பம், காரில் இரண்டு புது அடுப்புகளை ஏற்றியது. நன்றாக எரிவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு.

“ஒரு சட்டியையாவது தாங்குவியாடா, பொடியா?” என்று வழியெல்லாம் கேலி செய்தது பெரிய இரட்டை அடுப்பு. தன்னைத்தான் திருப்பி அனுப்புவார்கள் என்று சின்ன அடுப்பு பயந்துகொண்டே வந்தது.

மலையில் இறங்கிப் பார்த்தால், பெரிய அடுப்பை கேஸ் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் குழாய் வீட்டிலேயே தங்கிவிட்டது. குழாய் தேவைப்படாத சின்னதைப் பற்றவைத்தார்கள். மூன்று தடவை பற்றவைத்தும் காற்று அணைத்துவிட்டது. கைக்குழந்தை கஞ்சிக்கு அழுதது.

பெரியது மெல்ல நகர்ந்து, தன் மூடியை நிமிர்த்திக் காற்றை மறைத்து நின்றது.

“நான் எரிஞ்சா உங்களைத் திருப்பிக் கொடுத்துடுவாங்களே, அண்ணே.”

“பிள்ளை அழுவுது. நீ முதல்ல எரி.”

கஞ்சி கொதித்தது. காற்றை மறைத்து நின்ற மூடியைக் குழந்தையின் அம்மா பார்த்தாள். இரண்டு அடுப்பையும் துடைத்து, ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடினாள்.

நீங்களும் வெளியூர் கிளம்பும்போது, குழாயை எடுத்தாச்சா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.