பதினைந்து கஜம்

அவன் ஒலியைக் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை. அவள் கடைசியாக வைத்த அளவிலேயே தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம். கொலம்பஸில் ஏப்ரல் பிறந்தும் வாசலோரத்துப் பனி கரையாமல் அழுக்காகக் கிடந்தது.

சோபாவின் இந்த முனையில் அவன். அந்த முனையில் மாமனார். நடுவில் செண்பகாவின் இடம்.

ஐந்து வாரமாக இருவரும் அந்த இடத்தைத் தொடவில்லை. பேசியதெல்லாம் திரையைப் பார்த்துத்தான். அது வசதியாக இருந்தது.

மாமா கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியார். ஹாக்கிக்காரர். மகள் உயிரை விட்டுப் பார்த்த அமெரிக்க ஃபுட்பாலை வந்த முதல் வாரமே முறைத்துப் பார்த்துவிட்டு, "கையில தூக்கிக்கிட்டு ஓடுறானுக. இதுக்குப் பேரு ஃபுட்பாலாம்" என்றார்.

அதில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. கிக்-ஆஃப். புள்ளி எடுத்த அணி பந்தை வானத்துக்கு உதைக்கும். இரண்டு பக்கமும் தலைதெறிக்க ஓடிவந்து மோதும். அப்போது மட்டும் வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்காருவார்.

இன்று மாமா குட்டித்தூக்கம் முடித்து வந்து உட்கார்ந்தபோது ஆட்டம் முடியும் தறுவாய். மஞ்சள் சட்டைக்காரர்கள் புள்ளி எடுத்தார்கள். இன்னும் நான்கு புள்ளி பின்னால். ஒன்றரை நிமிடம் மிச்சம்.

மாமா முன்னால் நகர்ந்தார்.

யாரும் உதைக்கவில்லை.

"என்ன மாப்ளே, ஒதையக் காணோம்?"

"அத எடுத்துரலாம்னு பேச்சு, மாமா. கழுத்து ஒடியுது. இந்தப் போட்டில மட்டும் சோதிச்சுப் பாக்குறாங்க."

"அப்ப எப்படி ஆரம்பிப்பானுக?"

"சும்மா ஆரம்பிச்சுருவாங்க."

மாமா யோசித்தார்.

"ஹாக்கியிலயும் புல்லின்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு பேரு நேருக்கு நேர் நிக்கணும். மட்டையால தரையில ஒரு தட்டு, எதிராளி மட்டையில ஒரு தட்டு. இப்படி மூணு தடவ. அப்புறந்தான் பந்தத் தொடலாம். அதையும் எடுத்துட்டானுக."

சற்றுக் கழித்து, "இப்பல்லாம் சொல்லாம கொள்ளாம ஆரம்பிச்சுருது" என்றார்.

அவன் புது விதியை விளக்கினான். விளக்குவது சுலபமாக இருந்தது. பந்து மஞ்சள் சட்டையிடமே இருக்கும். இரண்டு வழி. தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் ஒரே ஒரு முயற்சி. பதினைந்து கஜம். தாண்டினால் பந்து அவர்களுக்கே. தாண்டாவிட்டால் விழுந்த இடத்திலேயே பறிபோகும்.

"எத்தன பேரு தாண்டுவான்?"

"நூத்துக்கு இருபது."

சொன்ன பிறகுதான் அந்த எண் அவன் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் கேட்டதும் அதே எண். அறுவை செய்தால் பிழைக்க நூற்றுக்கு இருபது. செய்யாமல் வீட்டுக்குக் கூட்டிப்போனால் பத்து நாள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள் செண்பகா. காலையில் ஒரு முறை. மதியம் ஒரு முறை.

மாலையில் நினைவு தப்பியது. படிவம் அவன் கைக்கு வந்தது.

அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திட்டான்.

அறுவை மேசையிலேயே போய்விட்டாள். மாமாவின் விமானம் மூன்றாம் நாள் வந்து இறங்கியது. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால் மகளை உயிரோடு பார்த்திருப்பார்.

இது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. புதன்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார்.

"இருபதா?" மாமா உச்சுக்கொட்டினார். "அத நம்பி எவனாவது எறங்குவானா? கூறு இருந்தா ஒதச்சு விட்டுருவான்."

அவன் தலையாட்டினான். கையிலிருந்த டம்ளரில் காபி ஆறி ஆடை படிந்திருந்தது.

மஞ்சள் சட்டையில் உதைப்பவன் களத்துக்கு வரவில்லை. பயிற்சியாளர் முயற்சிதான் என்று கைகாட்டிவிட்டார்.

பந்து பறந்தது. ஒருவன் எம்பிப் பிடித்தான். ஓடினான்.

"போடா. போடா. போடா..."

மாமா பாதி எழுந்திருந்தார். திரையில் மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

பதின்மூன்று கஜம்.

வர்ணனையாளர் பயிற்சியாளரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த மனிதர் கோட்டுக்கு வெளியே இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். கேமரா அவரை விடவில்லை.

"அந்தாள எதுக்குத் திட்டுறான் இவன்?"

"முடிவெடுத்தது அவருதான, மாமா."

"எடுத்தா? கையில இருக்குற பந்த எப்படி மாப்ளே ஒதச்சு விடுவான்?"

"நீங்கதான சொன்னீங்க, ஒதச்சு விட்டுரணும்னு."

"இங்க உக்காந்துக்கிட்டு ஆயிரம் சொல்லலாம்."

எதிரணி அவசரமில்லாமல் வரிசை கட்டியது. கடிகாரம் ஓடியது.

"மாமா."

"ம்."

"ஆஸ்பத்திரில ரெண்டு வழி சொன்னாங்க."

அதற்கு மேல் வரவில்லை.

மாமா ரிமோட்டைத் தேடி எடுத்தார். ஐந்து வாரத்தில் முதல் முறையாக ஒலி நின்றது. ஹீட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவர் நகர்ந்தார். செண்பகாவின் இடத்தில் உட்கார்ந்தார். அவனை நேராகப் பார்த்தார்.



பிறகு தன் காலி டம்ளரால் முன்னாலிருந்த முக்காலியில் மெல்லத் தட்டினார். அவன் கையிலிருந்த டம்ளரில் ஒரு தட்டு.

முக்காலி. டம்ளர்.

முக்காலி. டம்ளர்.

"வீட்டுக்குப் போயிரலாம்னுதான் சொன்னா, மாமா."